லாம்பர்ட் பர்னாந்து, இன்றே முந்துங்கள்

பிப்ரவரி 20, வியாழன்

இந்த டைரி என் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. பேப்பர் கடைக்காரர் வருடா வருடம் அனுப்புவார். இந்த வருடமும் 'திரு. லாம்பர்ட் பர்னாந்து அவர்களுக்கு' என்று போட்டு அனுப்பிவிட்டார். ஆள் போய்ப் பதினோரு மாதம் ஆனது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

இன்று கொழுந்தன் ரூபர்ட் வந்தார். கீழே இருக்கிற ஆபீஸ் அறை அவர் பங்கு. அண்ணன் கேட்டார் என்று விட்டு வைத்திருந்தார். அந்த அறையில் உட்கார்ந்துதான் இவர் பதினாலு வருடம் கம்ப்யூட்டரில் விளம்பரம் போட்டார். சுவரில் ஒட்டுகிற விளம்பரம் இல்லை. செல்போனில் நாம் எதையாவது தேடினால் மேலே வந்து நிற்குமே, அது.

ரூபர்ட் காப்பியைக் குடித்து முடித்தார். அப்புறம் சொன்னார், "மைனி, கோவிச்சிக்காதிய. பிரியாணிக் கடைக்காரன் ரூமைக் கேக்கான்."

"ஆபீஸ் நடக்குல்லா?"

"எங்க நடக்கு? அண்ணன் போட்டுட்டுப் போனது தானா ஓடுது. அந்தப் பல் டாக்டரம்மாவும் போயிட்டாவன்னா மிச்சம் ஒரு மக்ரூன் பலகாரக் கடைதான். அடுத்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல என்னையத் திட்டக் கூடாது."

இருபதாம் தேதி என்ன கணக்கு என்றால், என் வீட்டுக்காரர் போன மார்ச் பத்தாம் தேதி எழுதி வாங்கின சர்டிபிகேட், பத்து நாள் தவணையும் சேர்த்து, அன்றைக்குக் காலாவதி. இந்த வேலையில் வருடத்துக்கு ஒரு தடவை பரீட்சை எழுத வேண்டும். எழுதி பாஸ் ஆனால்தான் இந்த வருடத்து ஆள். இல்லையென்றால் போன வருடத்து ஆள். பல் டாக்டர் ஹெப்சிபா போன வாரமே போனில் சொல்லிவிட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த விளம்பரக் கம்பெனி மாசத்துக்கு ஒருக்கா எதையாவது மாத்திட்டே இருக்கு. பாஸ் பண்ணின ஒரு ஆள் உங்க ஆபீஸ்ல இருக்கணும். இல்லன்னா விளம்பரத்தை மதுரைக்காரங்ககிட்ட குடுத்துருவேன்."

அறை போனால் நான் மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாடியில் என்ன இருக்கிறது, கொடியும் துணியும்.

பிப்ரவரி 21, வெள்ளி

சுயம்புலிங்கம் அண்ணாச்சியிடம், பரீட்சையை நீங்கள் எழுதுங்கள் என்றேன். அவர் என் வீட்டுக்காரருக்கு விளம்பரப் படம், எழுத்து எல்லாம் செய்து கொடுக்கிறவர். முன்னால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போட்டுக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று.

"ஆறு வருசம் எழுதிருக்கேன்மா. ஆறு வருசமும் பெயிலு. லாம்பர்ட்டு என்னைய ஒண்ணும் சொல்லமாட்டான். சிரிக்காம ஒரு பார்வை பாப்பான் பாரு, அதுக்கு நாலு அடி அடிச்சிருக்கலாம்."

"ஏழாவது தடவை பாஸ் ஆகலாம்லா?"

"ஒரு ஓரத்துல கடிகாரம் குறைஞ்சிக்கிட்டே வருதும்மா. அதைப் பாத்தா எனக்குக் கேள்வி கண்ணுல தெரிய மாட்டேங்கு. பிரஷர் வேற இருக்கு."

"அப்ப நான் எழுதுதேன்."

அண்ணாச்சி நன்றாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீ எம்புட்டும்மா படிச்சிருக்க?"

"ஏழு பாஸ். எட்டுல ஒரு மாசம்."

அவர் எழுந்து போய் எனக்கு ஃபேனைப் போட்டுவிட்டார். இத்தனை நாளில் அவர் எனக்கு ஃபேன் போட்டதில்லை. படிக்கிறதை எல்லாம் அன்றன்றைக்கு எழுதி வை, இல்லையென்றால் காலையில் மறந்துவிடும் என்றார். டைரி இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அவருடைய நாற்காலி எனக்கு உயரம். கால் தரையில் படவில்லை. பிளைவுட் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லாம் திறந்தே கிடக்கிறது, அவர் டீ குடிக்கப் போன மாதிரி.

பரீட்சை இப்படி. ஐம்பது கேள்வி, எழுபத்தைந்து நிமிடம். நாற்பது சரியாக இருந்தால் பாஸ். பெயிலானால் ஒரு நாள் விட்டு மறுபடி எழுதலாம். கேள்வி இங்கிலீஷில் வரும். ஒரு பட்டனை அமுக்கினால் தமிழாகிவிடும். அந்தத் தமிழ் எனக்கு இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். யார் யாரை என்ன செய்தார் என்று பிடிபடவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாலாவது தடவை படித்துவிட்டு, "இதை எழுதினவனுக்கு வீட்டுல ஏதோ பிரச்சனை" என்றார்.

உண்மைப் பரீட்சைக்கு முன்னால் பழகுவதற்கு மாதிரித் தாள் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன். ஐம்பதுக்குப் பன்னிரண்டு.

அரிசி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

இன்றைக்கு ஒரு பாடம் புரிந்தது. எழுதி வைக்கிறேன்.

யாராவது செல்போனில் 'பல் வலி' என்று தேடினால், அந்தக் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் ஒரு ஏலம் நடக்கிறதாம். எல்லாப் பல் டாக்டர் விளம்பரமும் ஏலம் கேட்குமாம். ஜெயித்தது மேலே வரும். அண்ணாச்சி இதை ஒரு மணி நேரம் சொன்னார். "ஆனா கூட்டிக் கேட்டவன்தான் ஜெயிப்பான்னு இல்லம்மா. அங்கதான் சூட்சுமம். இது ஆறு வருசமா எனக்கே பிடிபடாத இடம்."

எனக்கு உடனே பிடிபட்டது. நான் எட்டாம் வகுப்பிலிருந்து நின்றதே திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் எடுக்க அம்மாகூடப் போவதற்காகத்தான். சீலா மீன் குவியல் ஒன்று விழுந்தால் பின்னால் நிற்கிறவன் ஒருவன் சத்தமாகக் கூட்டிக் கேட்பான். ஏலம் கூறுகிறவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஏனென்றால் அவன் மீனைத் தூக்கமாட்டான், வெயிலில் போட்டுவிட்டுப் போய்விடுவான். கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்கிறாளே ஒரு பொம்பளை, அவளுக்குத்தான் ஏலத்தை முடிப்பார். ஆளைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, கேட்டதையும் பார்த்து, மூன்றையும் சேர்த்துத்தான்.

அதைச் சொன்னேன். அண்ணாச்சி கேட்டார்.

"ஐஸ் பெட்டின்னா என்னம்மா இதுல?"

"விளம்பரத்தை அமுக்கினா போய் நிக்குமே ஒரு பக்கம், அது. உள்ள போனா டாக்டர் நம்பர் இருக்கணும், எத்தனை மணிக்கு வரலாம்னு இருக்கணும். இல்லன்னா ஐஸ் பெட்டி இல்லாம வந்த மாதிரி."

"லாம்பர்ட்டு இதை ஏன் எனக்கு இப்படிச் சொல்லல?"

என் வீட்டுக்காரருக்கு மீன் ஏலம் பிடிக்காது. நாற்றம் என்பார். சாப்பிட மட்டும் வருவார்.

மார்ச் 1, சனி

டாக்டர் விளம்பரத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆட்கள் என்னென்ன தேடும்போது நம் விளம்பரம் வந்தது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யாரும் பார்க்காமல் பதினோரு மாதமாகக் கிடக்கிறது. பல் வலி, பல் கட்ட, பல் கிளிப் எல்லாம் சரி. கீழே போகப் போக வேறு மாதிரி. 'பல் விழுவது போல் கனவு கண்டால்', 'கீழ்ப்பல் விழுந்த கனவு பலன்', 'பல் விழும் கனவு யாருக்கு ஆகாது'. நூற்றுக்கணக்கில்.

"கம்ப்யூட்டருக்குப் பல்லுன்னா பல்லுதான்" என்றார் அண்ணாச்சி. "கனவுல விழுந்த பல்லுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

விடியற்காலம் பயந்து எழுந்து போனைத் தேடியவர்களுக்கு 'வலியில்லாத சிகிச்சை, இன்றே வாருங்கள்' என்று காட்டியிருக்கிறது. அதில் சிலர் அமுக்கியும் பார்த்திருக்கிறார்கள், பாவம். அவர்களுக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. வீட்டில் யாருக்கு என்ன ஆகப்போகிறதோ என்கிற பயம். அந்த நேரத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூச்சு விடுகிறாரா என்றுதான் பார்ப்போம். எனக்குத் தெரியும்.

இன்ன வார்த்தை வந்தால் காட்டாதே என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய் 'கனவு' என்று போட்டேன். 'பலன்' என்று போட்டேன். இத்தனை வருடத்தில் கம்ப்யூட்டர் நான் சொல்லிக் கேட்ட முதல் விஷயம்.

மார்ச் 3, திங்கள்

மாதிரித் தாள் 29. ஊளி மீன் தீய்ந்துவிட்டது. அதையே சாப்பிட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

தவக்கால நோன்பு ஆரம்பம். கோயிலில் நெற்றியில் பூசின சாம்பலோடு வந்து உட்கார்ந்தேன். மாதிரித் தாள் 33. இதற்கு மேல் ஏறவில்லை.

அண்ணாச்சி சொன்னார், "படிச்சது போதும்மா. ஒரு விளம்பரத்தைப் பிள்ளையார் சுழியில இருந்து நீயே போடணும். நீந்துறதுக்குப் புஸ்தகம் படிச்சா ஆகுமா?"

யாருக்குப் போடுவது? டாக்டர் விடமாட்டார். மக்ரூன் கடைக்காரர், தவக்காலம் முடியட்டும் என்கிறார். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பதிமூன்றாம் தேதி அவருக்கு முதல் வருடப் பூசை. போஸ்டர் அடித்துத் தெருத்தெருவாக ஒட்ட வேண்டும். எப்படியும் மறுநாள் அதன் மேல் சினிமா போஸ்டர் ஒட்டுவான், இல்லை மாடு தின்னும்.

"அண்ணாச்சி, பூசைக்கு விளம்பரம் போட்டா என்ன?"

"கண்ணீர் அஞ்சலியையா? கம்ப்யூட்டர்லயா?"

"அவருக்குத் தெரிஞ்ச தொழில்தானே."

அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

மார்ச் 8, சனி

விளம்பரம் போட்டாயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் சண்டை. அண்ணாச்சி அழகாக நாலு வரி கவிதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். கடல், அலை, விளக்கு எல்லாம் இருந்தது. தலைப்புக்கு முப்பது எழுத்துதான் என்று கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டியது.

"முப்பது எழுத்துக்குள்ள ஒரு மனுசன் எப்படிம்மா அழ முடியும்?"

"பேரை மட்டும் போடுங்க."

"அச்சகத்துல இருபத்தெட்டு வருசம் இருந்தேன். துக்கத்தை இப்படி முழக்கோல் வச்சி எவனும் அளந்ததில்ல."

கடைசியில் 'லாம்பர்ட் பர்னாந்து' ஒரு தலைப்பு, 'முதலாண்டு நினைவுத் திருப்பலி' ஒரு தலைப்பு. போட்டோவுக்கு ரேஷன் கார்டு படத்தை வெட்டிப் போட்டார். அதில் யாரோ திட்டினமாதிரி இருப்பார். இருக்கட்டும்.

பிறகு கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இதைப் பார்த்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? பொருள் வாங்க வேண்டுமா, கடைக்கு வர வேண்டுமா, போன் செய்ய வேண்டுமா? அவ்வளவுதான் இருக்கிறது. ஜெபிக்க வேண்டும் என்று இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அண்ணாச்சி, "ஏதாவது ஒண்ணைத் தொடும்மா, அது காத்துக்கிட்டு நிக்கி" என்றார். போன் செய்ய வேண்டும் என்பதைத் தொட்டேன். நம்பர் கேட்டது. கைக்கு வந்தது அவர் நம்பர்தான். என் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, என்னை நானே கூப்பிடுகிறேனா.

அவர் போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். பேங்க்கிலிருந்து ஏதாவது வந்தால் தெரிய வேண்டுமே, அதற்காக.

ஊர் தூத்துக்குடி என்று போட்டேன். மிச்சக் கட்டங்களில் ஏற்கெனவே டிக் இருந்தது. கம்பெனிக்காரன் தெரியாமலா டிக் போட்டிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ரூபர்ட் வந்திருந்தார், அறையை அளந்து பார்க்க. டேப்பை ஒரு முனையில் என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

மாடியில் பீரோவுக்குள் சேவல் கூவியது.

ரூபர்ட் டேப்பை விட்டுவிட்டார். அது சுருண்டு போய் என் விரலில் அடித்தது. அவர் அண்ணன் போனின் மணி அது. சேவல் சத்தம்தான் வைத்திருந்தார், பூசையில் இரண்டு தடவை கூவி மானம் போயிருக்கிறது.

நான் ஓடினேன். சட்டைகளுக்கு நடுவில் இருந்தது.

"ஹலோ, லாம்பர்ட்டா? என்ன ஆஃபர் போட்டிருக்கிய?"

"ஆஃபர் ஒண்ணும் இல்ல. பூசை."

"பூஜை ஆஃபரா? எம்புட்டுத் தள்ளுபடி?"

"வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு."

"டைல்ஸ்தானம்மா?"

"மனுசன். எங்க வீட்டுக்காரர்."

 "மன்னிச்சிருங்கக்கா. நான் கோவில்பட்டில வீடு கட்டுதேன். அதுல 'இன்றே முந்துங்கள்'னு போட்டிருந்திச்சி" என்றார்.

அண்ணாச்சியை வரவழைத்துப் பார்த்தோம். நாங்கள் விட்டுவைத்த டிக்குகளில் ஒன்று, 'தலைப்புகளை நாங்களே சேர்த்துத் தருகிறோம்' என்பது. சேர்த்திருக்கிறது. 'லாம்பர்ட் பர்னாந்து – இன்றே முந்துங்கள்.' 'லாம்பர்ட் பர்னாந்து – குறைந்த நாட்களே உள்ளன.' 'நம்பகமான சேவை.' மூன்றாவதில் தப்பில்லை என்றார் அண்ணாச்சி.

இன்னொரு டிக், தூத்துக்குடியில் இருக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, தூத்துக்குடியைப் பற்றி நினைக்கிறவர்களுக்கும் காட்டு என்பது. அதாவது உலகம் பூராவும்.

"நிறுத்தும்மா, நிறுத்து. தலைப்பை எடு" என்றார் அண்ணாச்சி. தலைப்பை எடுத்தேன். ஊர் கட்டத்துக்குப் போவதற்குள் மறுபடி சேவல்.

"லே லாம்பர்ட்டு! நான்தாம்ல ஜெரால்டு, மஸ்கட்ல இருந்து. என்னல, மூஞ்சியை எல்லாம் போட்டு விளம்பரம் குடுக்க? பெரிய ஆளாயிட்ட போல! மூஞ்சி மட்டும் மாறல, அதே உம்மணாமூஞ்சி. ஹெட்மாஸ்டர்ட்ட அடி வாங்கினப்ப இருந்த மூஞ்சி. லே, பேசுல!"

நான் அவர் வீட்டுக்காரி என்றேன்.

"அய்யோ தங்கச்சி, சாரிம்மா! இருபது வருசம் ஆச்சி அவன்ட்டப் பேசி. எங்க அவன்?"

"வெளிய போயிருக்காவ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. லைன் சரியாக இல்லை, இரைச்சலாக இருந்தது. அவர் பாட்டுக்கு அரை மணி நேரம் பேசினார். இவர் பள்ளிக்கூடத்தில் மதில் ஏறிக் குதித்தது, பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டது எல்லாம். பரீட்சைக்குப் பயப்படுவார் என்று எனக்குத் தெரியாது. வருடா வருடம் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு போய் எழுதுவார், கீழே இருக்கிற அறைக்கு.

வெங்காயம் உரித்த கை. கண்ணைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் அழுதார். நான்தான் சமாதானம் செய்தேன்.

ஊர் கட்டத்தைச் சரி செய்தேன். விளம்பரத்தை நிறுத்தவில்லை. அந்தக் கட்டத்தை மாற்றுவதற்குள் இன்று பதினேழு தடவை சேவல் கூவியது. தமாம், சென்னை, கொழும்பு. பாதிப் பேர் இவரைத் தெரிந்தவர்கள், செத்தது தெரியாதவர்கள். ஒரு அம்மா ராமேஸ்வரத்திலிருந்து. இவரைத் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் போயி ரெண்டு வருசம். இப்படி ஒண்ணு எங்களுக்கும் போட்டுத் தருவீங்களா? ஆனா அந்த முந்துங்கள் மட்டும் வேண்டாம்" என்றாள்.

அது வராமல் இருக்க எங்கே டிக் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

மாதிரித் தாள் 39.

மார்ச் 13, வியாழன்

பூசை.

இருபது பேர் வருவார்கள் என்று மக்ரூன் இருபத்தைந்து பொட்டலம் சொல்லியிருந்தேன். கோயிலில் நூற்றுப்பத்துப் பேர். பீடத்திலிருந்து சாமியார் எட்டிப் பார்த்தார், இன்று என்ன திருநாள் என்கிற மாதிரி. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை என்னிடம் வந்து, "தவக்காலத்துல மக்ரூனா குடுப்பிய?" என்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். கோவில்பட்டி டைல்ஸ்காரர் பெஞ்சாதியோடு வந்திருந்தார். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் எழுந்தார்.

ஹெப்சிபா டாக்டரும் வந்திருந்தார். போன வருடம் கல்லறையில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவர். "லாம்பர்ட் சாருக்கு இவ்ளோ ஆளா?" என்றார். "விளம்பரம் போட்டோம்" என்றேன். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று பார்த்தார்.

மார்ச் 17, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு உண்மைப் பரீட்சையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி அந்தக் கடிகாரம் எனக்குத் தெரியக் கூடாது என்று திரையின் ஓரத்தில் ஒரு காலண்டர் தாளை ஒட்டினார். பிறகு வெளியில் போய் நின்றுகொண்டார், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி.

ஏலத்தில் ஆறு கேள்வி வந்தது. ஊர் கட்டத்தில் மூன்று. தானாகச் சேரும் தலைப்பில் நாலு. எல்லாம் நான் பட்டது.

நாற்பத்துநாலு. பாஸ்.

அண்ணாச்சி உள்ளே ஓடி வந்தார். சர்டிபிகேட் திரையில் வந்தது. பூ வேலை எல்லாம் போட்டு, நடுவில் பெரிய எழுத்தில்: லாம்பர்ட் பர்னாந்து. அடுத்த மார்ச் பதினேழு வரை செல்லுபடி ஆகும்.

திறந்து கிடந்தது அவர் கணக்கு. நான் அதிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன். எனக்கு என்று ஈமெயிலே கிடையாது.

"விடும்மா" என்றார் அண்ணாச்சி. "கம்ப்யூட்டருக்கு அவன் செத்தது தெரியாதுல்லா."

சாயங்காலம் ரூபர்ட் வந்தார். "என்ன மைனி ஆச்சி?"

"உங்க அண்ணன் பாஸாயிட்டாவ."

திரையைக் காட்டினேன். அவர் குனிந்து வாசித்தார். பேரை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

"எத்தனை மார்க்கு?"

"நாப்பத்தி நாலு."

"போன வருசம்?"

"நாப்பத்தொம்பது."

"குறைஞ்சிட்டாவளே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். வந்து, "டாக்டரம்மாட்ட இதையே காட்டிருங்க. பாஸுன்னா பாஸ்தான். நான் வாயே திறக்க மாட்டேன். ரூமு உங்களுக்குத்தான்" என்றார்.

மெழுகுவர்த்தி பிடித்தவரிடம் போய் இதை எப்படிக் காட்டுவது? அது மட்டுமில்லை. இந்த வருடம் அவர் பேரில் எழுதினால் அடுத்த வருடமும் அவர் பேரில் எழுத வேண்டும். அதற்கடுத்த வருடமும். அறுபது வயதில் ரிட்டயர் ஆக வேண்டும் என்று அவரிடம் யார் சொல்வது?

"இருபது வரைக்கும்னு சொன்னியள்லா" என்றேன். "இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள என் பேர்ல பாஸாகலன்னா பிரியாணிக்காரனை வரச்சொல்லுங்க. ரெண்டு பேச்சு வேண்டாம்."

"இது என்ன மைனி வீம்பு?"

"டேப்பைப் பிடிக்க நானே வாரேன்."

மார்ச் 18, செவ்வாய்

அண்ணாச்சி எனக்கு ஈமெயில் திறந்து கொடுத்தார். செலஸ்தீனா என்கிற என் பேரில் யாரோ ஏற்கெனவே வைத்திருக்கிறார்களாம். பின்னால் ஏழு போட்டுக்கொண்டேன்.

எழுதினேன். மேலே என் பேர் தெரிந்துகொண்டே இருந்தது. அதற்கும் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்க வேண்டும். கேள்வி எல்லாம் தெரிந்த கேள்விதான். ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு, இவள் போட்டது சரியாக இருக்குமா என்று திரும்பப் போய் மாற்றினேன்.

முப்பத்தெட்டு. பெயில்.

"மாத்தினதுல எத்தனைம்மா முதல்ல சரியா இருந்துச்சி?" என்று அண்ணாச்சி கேட்டார். யோசித்துப் பார்த்தால் அஞ்சு இருக்கும்.

அவர் என்னைச் சிரிக்காமல் ஒரு பார்வை பார்த்தார். நாலு அடி அடித்திருக்கலாம் என்று அவர் அன்றைக்குச் சொன்னது சரிதான்.

மார்ச் 19, புதன்

இன்று எழுத விடாது. சூசையப்பர் திருநாள். கோயிலுக்குப் போனேன். வந்து வீட்டை ஒட்டடை அடித்தேன். பீரோவில் அவர் சட்டைகளை மடித்து ஒரு பக்கமாக ஒதுக்கினேன். போனுக்குச் சார்ஜ் போட்டேன்.

ரூபர்ட் போனில், "பிரியாணிக்காரன் நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வாரான்" என்றார். பிறகு, "நல்லா எழுதுங்க மைனி" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

எட்டரைக்கு உட்கார்ந்தேன். நல்ல சேலை. அயர்ன் செய்தது. ஒரு தடவை போட்டதை மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இருபத்திரண்டாவது கேள்வியில் கை போனது. இழுத்துக்கொண்டேன். கடைசிக் கேள்வியை அமுக்கினதும் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி வாசலிலிருந்து கழுத்தை நீட்டி, "கண்ணைத் திறம்மா, எனக்கு இங்கன இருந்து தெரியல" என்று கத்தினார்.

பாஸ்.

டாக்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அக்கா, இந்த மாசம் கனவு பலன் கேட்டுத் தேவையில்லாத போன் ஒண்ணுமே வரல. அதுவும் நீங்கதானா?" ஆமாம் என்றேன். "அப்ப மதுரைக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

பன்னிரண்டு மணிக்குப் பிரியாணிக்காரர் டேப்போடு வந்தார். ரூபர்ட் அவரை வாசலிலேயே மறித்து, "ரூமு இல்லவே. எங்க மைனி பாஸாயிட்டாவ" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன பரீட்சை, எந்த வகுப்பு என்று கேட்டுக்கொண்டே போனார்.

அண்ணாச்சி என் சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். அவர் பேரில் எழுதினது மேஜை டிராயருக்குள் இருக்கிறது. அது யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. எல்லாரும் போன பிறகு எடுத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

அவர் நாற்பத்துநாலு. நான் நாற்பத்தொன்று. இரண்டும் நான் எழுதினதுதான். இருந்தாலும் அவர்தான் மூன்று மார்க் கூட.